ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக் காரணம் வேண்டும்: போலீஸ் துப்பாக்கிச் சூட்டை எப்படி எடைபோடுவது?

ஓர் ஊரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் டிவியில் இரண்டு வாதங்கள் மோத ஆரம்பித்துவிடும். அமைதியாகப் போராடிய மக்களைச் சுட்டுவிட்டார்கள் என்பார் ஒருவர். வன்முறைக் கும்பல் தாக்கியது, வேறு வழியில்லாமல் சுட்டார்கள் என்பார் இன்னொருவர். அதன் பிறகு வாரக்கணக்கில் நாமும் அதையே பேசிக்கொண்டிருப்போம். முதல் கல்லை எறிந்தது யார்? வண்டியை எரித்தது யார்? வீடியோ இருக்கிறதா?

சட்டம் முதலில் கேட்பது இதை இல்லை. கலவரம் நடந்தது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சுட்டது குற்றமாக இருக்கலாம். அமைதியாகப் போன ஊர்வலத்தில் திடீரென ஒருவர் அரிவாளோடு ஒரு காவலர்மீது பாய்ந்திருந்தால், அந்த விநாடியில் அவரைச் சுட்டது சரியாகவும் இருக்கலாம். கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு முத்திரை குத்திவிட்டு, அதை வைத்து எல்லாத் தோட்டாக்களுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. இந்தத் தோட்டா, இந்த ஆள்மீது, இந்த விநாடியில் பாய்ந்தபோது யாருடைய உயிர் ஆபத்தில் இருந்தது? கேட்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது தோட்டாவுக்கு மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம்.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். பனிமய மாதா கோயில் பக்கமிருந்தும் மற்ற பகுதிகளிலிருந்தும் மக்கள் திரளாக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். 144 தடை உத்தரவு போடப்பட்டிருந்தது. வழியில் தடுப்புகள், தள்ளுமுள்ளு, கல்வீச்சு. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. ஸ்டெர்லைட் ஊழியர் குடியிருப்பிலும் தீ வைக்கப்பட்டது. போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள்.

'தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு' என்று ஒருமையில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு சூடு இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சுட்டார்கள், எஃப்.சி.ஐ. ரவுண்டானா அருகே சுட்டார்கள், கடற்கரையோரத் திரேஸ்புரத்தில் சுட்டார்கள், மறுநாள் அண்ணாநகரிலும் சுட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் எரிந்த வண்டியைக் காட்டி, கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் திரேஸ்புரத்தில் பாய்ந்த தோட்டாவுக்குக் காரணம் சொல்ல முடியுமா? அங்கே இறந்த பெண்மணி போராட்டத்துக்கே வராதவர் என்கிறார்கள் அவருடைய குடும்பத்தினர். செவ்வாய்க்கிழமை நடந்த கலவரம் புதன்கிழமை சுட்டதற்குக் காரணமாகுமா? இடத்தையும் நேரத்தையும் பிரித்து வைத்த மறுநிமிடமே, பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எத்தனை இடத்தில் பொருந்தவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

சட்டம் தரும் இரண்டு வழிகள்

இந்தியாவில் ஒரு காவலர் பொதுமக்களை நோக்கிச் சுட்டால், அதை நியாயப்படுத்தச் சட்டத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. பத்திரிகைச் செய்திகளிலும் போலீஸ் அறிக்கைகளிலும் இவை இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுவது வழக்கம். அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுத்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதல் வழி, கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 129-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148-வது பிரிவு. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி, பொது அமைதி கெடும் நிலை வந்தால், தாசில்தார் போன்ற நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஓர் அதிகாரியோ, 'கலைந்து செல்லுங்கள்' என்று உத்தரவிடலாம். கலையவில்லை என்றால் பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 1979-இல் இதை மூன்று நிபந்தனைகளாகப் பிரித்துச் சொன்னது: கூட்டம் சட்டவிரோதமானதாகவோ அமைதியைக் குலைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும், கலையச் சொல்லி உத்தரவு தரப்பட்டிருக்க வேண்டும், அப்படியும் மக்கள் கலையாமல் நின்றிருக்க வேண்டும்.

அந்தப் பிரிவை எடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். அதில் துப்பாக்கி என்ற பேச்சே கிடையாது. 'பலம்' என்றுதான் இருக்கிறது. எவ்வளவு பலம் என்றால், கலைப்பதற்குத் தேவையான அளவு. நோக்கம் கலைப்பது மட்டுமே. தண்டிப்பதோ பாடம் புகட்டுவதோ இல்லை. 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜெனரல் டயர் எச்சரிக்கை கொடுக்காமல் சுட ஆரம்பித்து, மக்கள் சிதறி ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். 1,650 ரவுண்டுகள். பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடமாக இருக்கட்டும் என்றுதான் சுட்டதாக விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அவர்மீது சொல்லப்பட்ட முதன்மையான குறைகளும் இவைதான்: எச்சரிக்கை இல்லை, கலையத் தொடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த இரண்டு அளவுகோல்களும் இன்றைக்கும் அப்படியே செல்லும்.

ஆகவே இந்த முதல் வழியில் வருகிறவர் படிப்படியாக ஏறி வந்ததைக் காட்ட வேண்டும். மைக்கில் எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சுதல், தடியடி, அதற்கெல்லாம் பிறகுதான் துப்பாக்கி. இதைச் சடங்காகச் செய்துவிட்டுப் போனாலும் போதாது. ஒவ்வொரு படியும் வேலை செய்ய நேரம் கொடுத்திருக்க வேண்டும். பல்லாயிரம் பேர் கோஷம் போடும் இடத்தில், முன்வரிசைக்குக் கூடக் கேட்காத ஒரு மைக் அறிவிப்பைச் செய்துவிட்டு ஒரு நிமிடத்தில் சுட்டால் அது எச்சரிக்கை ஆகாது. பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. திரும்பிப் போக நினைத்தாலும் பின்னால் நிற்கும் கூட்டம் விடாது. வெளியேற வழியே இல்லாத இடத்தில் நிற்பவரிடம் 'கலைந்து போ' என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

இரண்டாவது வழி, தற்காப்பு உரிமை. இது போலீஸுக்கு மட்டுமான தனிச் சலுகை இல்லை. உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தனக்கோ இன்னொருவருக்கோ சாவோ கொடுங்காயமோ நேரப்போகிறது என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தடுக்கலாம். ஆனால் தடுக்கத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது. ஆபத்து முடிந்த அந்த நொடியில் உரிமையும் முடிந்துவிடும்.

சொத்தைக் காப்பாற்றச் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில நேரங்களில் சட்டம் இடம் தருகிறது. ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்கோ தீ வைக்கும்போது அந்த உரிமை உயிர் போகும் அளவுக்கு நீளும். தெருவில் நிற்கும் காலி ஜீப்பை எரிப்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது குற்றம்தான், பிடித்து வழக்குப் போட வேண்டியதுதான். ஆனால் வண்டி எரிந்தது என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் ஓர் ஆளைச் சுட முடியாது. குடியிருப்புக்குத் தீ வைத்தவரைத் தடுக்கச் சுட்டோம் என்றால், சுடப்பட்டவர் தீ வைத்துக்கொண்டிருந்தவர் என்று காட்ட வேண்டும். வேறு எங்கோ நின்றவரைச் சுட்டுவிட்டு எரிந்த குடியிருப்பைக் காட்டினால் செல்லாது.

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையே இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. முதல் வழியில் உத்தரவு கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதில் விசையை இழுத்தவரே சொல்ல வேண்டும்: எனக்கு யாரால், என்ன ஆபத்து வந்தது? 'கூட்டத்தைக் கலைக்கத் தற்காப்புக்காகச் சுட்டோம்' என்று ஓர் அறிக்கையில் வந்தால், அதை எழுதியவரிடம் இரண்டில் எது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஏனென்றால் இரண்டும் உடலில் விட்டுச்செல்லும் தடயங்களே வேறு. கூட்டத்தைக் கலைக்கச் சுடும்போது தாழ்வாகக் குறிவைக்க வேண்டும், கூட்டத்தில் மிக ஆவேசமாக இருக்கும் பகுதியை நோக்கிச் சுட வேண்டும் என்று போலீஸுக்குச் சொல்லித்தருகிறார்கள். நேருக்கு நேராகக் கத்தியோடு பாயும் ஒருவரைத் தடுக்கச் சுடுபவருக்குக் காலைக் குறிபார்க்கும் அவகாசம் பெரும்பாலும் இருக்காது. உடலின் நடுப்பகுதியைத்தான் பார்த்துச் சுடுவார். தூத்துக்குடியில் என்ன ஆனது? ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்து 2018 டிசம்பரில் செய்தி வெளியிட்டது. இறந்த 13 பேரில் 12 பேருக்குத் தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குப் பின்பக்கத்திலிருந்து பாய்ந்திருந்தது. அவர்களில் ஒருவர் 17 வயது மாணவி.

கலைக்கச் சுட்டார்கள் என்றால் ஏன் தலை, மார்பு? தற்காப்புக்குச் சுட்டார்கள் என்றால் ஏன் பின்பக்கம்? இரண்டு வழியிலும் இந்தக் காயங்கள் சுலபமாக நுழைவதில்லை.

'நொடிப்பொழுதில் எடுத்த முடிவு' என்ற வாதம்

போலீஸ் தரப்பின் மிக வலுவான வாதம் இது. இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. கல் மழைக்கு நடுவே ஹெல்மெட்டில் அடி வாங்கிக்கொண்டு, புகையில் கண் எரிய, பக்கத்தில் நிற்பவர் விழுவதைப் பார்க்கும் ஒரு கான்ஸ்டபிளுக்கு அந்த வசதி கிடையாது. கடும் பதற்றத்தில் பார்வை குறுகிவிடும். பக்கவாட்டில் நடப்பது தெரியாது. சத்தங்கள்கூடச் சரியாகக் காதில் விழாது. கையில் இருப்பது செல்போனா கத்தியா என்று பிரித்தறிவதற்குள் நேரம் போய்விடும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் கிரகாம் எதிர் கானர் வழக்கில் இதற்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. பின்னாளில் எல்லாம் தெரிந்த பிறகு வரும் தெளிவை வைத்து எடைபோடக் கூடாது. அந்த இடத்தில் நின்ற, நியாயமாக நடக்கும் ஒரு காவலரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. நம் ஊர்த் தற்காப்புச் சட்டமும் ஏறக்குறைய இதே திசையில்தான் போகிறது. பதற்றத்தில் இருப்பவர் தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்தி அளந்துகொண்டிருக்க முடியாது என்பதை நம் நீதிமன்றங்களும் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கின்றன.

இது நியாயமான அளவுகோல் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இது எங்கே பொருந்தும் என்று பார்க்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில், தானாக வந்து சேர்ந்த ஆபத்தின் நடுவே, தப்பிக்க இடமில்லாமல் நிற்பவருக்கு இது பொருந்தும். மறைவான இடத்தில் நின்றுகொண்டோ, வாகனத்தின் மேல் ஏறி நின்றோ, தூரத்தில் இருக்கும் ஓர் ஆளைக் குறிபார்த்துச் சுடுபவர் நொடிப்பொழுதில் முடிவெடுத்தார் என்று சொல்ல முடியாது. குறிபார்ப்பதற்கே நேரம் வேண்டும். அந்த நேரம் இருந்தது என்றால் யோசிக்கவும் நேரம் இருந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையம் தூத்துக்குடியில் கண்டது இந்த இரண்டாவது வகையைத்தான். 2022 மே மாதம் அரசிடம் கொடுக்கப்பட்டு, அந்த அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, ஆட்சியர் அலுவலக வளாகத்துப் பூங்காவில் மறைவாக இருந்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த மக்களைப் போலீஸ் சுட்டது என்று முடிவுக்கு வந்தது. ஆவேசக் கூட்டத்தைச் சமாளிக்க வேறு வழியின்றிச் சுட்டதாகக் காட்ட ஆதாரம் இல்லை என்றது. ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 17 ரவுண்டு சுட்டதையும் பதிவு செய்தது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு தன் உயிருக்குப் பயந்து சுடுபவர், இடம் மாறி மாறிப் போய்ச் சுடுவாரா?

துப்பாக்கி எது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்று பயன்பட்டவற்றில் எஸ்.எல்.ஆர். ரகத் துப்பாக்கியும் ஒன்று. போர்க்களத்துக்காகச் செய்யப்பட்ட 7.62 மி.மீ. துப்பாக்கி அது. அதன் தோட்டா ஒலியைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில், விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் பாயும். தூரத்தில் நிற்பவருக்கு வெடிச் சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு வந்து சேர்ந்துவிடும். ஓர் ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடியது. அடர்த்தியான கூட்டத்துக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்திய முடிவை எந்தக் கான்ஸ்டபிளும் நொடிப்பொழுதில் எடுக்கவில்லை. அது முன்கூட்டியே, ஆயுதத்தைக் கொடுத்து அனுப்பும்போதே எடுக்கப்பட்ட முடிவு.

'முதலில் வானத்தை நோக்கிச் சுட்டிருக்கலாமே' என்று பலரும் கேட்கிறோம். மேலே போகும் தோட்டா எங்கேயாவது விழுந்தாக வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் சுட்டால் அது பின்னாலிருக்கும் தெருவில், மாடியில் துணி காயப்போடுகிறவரைத் தாக்கலாம். சுடுவது என்று முடிவெடுத்தால் தாழ்வாக, குறிப்பான இலக்கை நோக்கி, எண்ணிச் சுட வேண்டும் என்ற பழைய போலீஸ் விதிக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது.

கடிகாரத்தை எங்கிருந்து ஓட்டுவது?

சுட்ட அந்த இரண்டு விநாடிகளை மட்டும் பார்ப்பதா, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதா? பல வழக்குகளின் முடிவே இதில்தான் மாறுகிறது.

அமெரிக்காவில் இது சமீபத்தில் பெரிய வழக்காக வந்தது. 2016-இல் ஹூஸ்டன் அருகே சுங்கக் கட்டண பாக்கிக்காக ஒரு காரை நிறுத்தினார் ஒரு போலீஸ்காரர். ஓட்டுநர் காரைக் கிளப்பியதும் கதவோரப் படியில் தாவி ஏறி உள்ளே சுட்டார். ஓட்டுநர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள், ஓடும் காரில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு விநாடிகளை மட்டும் பார்த்து, காவலரின் உயிருக்கு ஆபத்து இருந்தது, அதனால் சுட்டது சரி என்றன. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முறையைத் தள்ளியது. ஆபத்து வந்த கணத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, முன்னால் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. ஆபத்தை உருவாக்கியதே அந்தக் காவலர்தான் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லாமல் விட்டுவிட்டது.

தூத்துக்குடியில் கடிகாரத்தைப் பின்னால் ஓட்டினால் என்ன தெரிகிறது? 100-வது நாளில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பெருங்கூட்டம் வரும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விஷயம். தடை உத்தரவு கடைசி நேரத்தில் வந்தது. அது நடந்து வந்த மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாவட்ட ஆட்சியர் அன்று கோவில்பட்டியில் இருந்தார். சுட அனுமதி தந்ததாக ஆவணங்களில் வருபவர்கள் துணை வட்டாட்சியர் நிலையில் இருந்தவர்கள். அத்தனை பெரிய முடிவை யார் எடுப்பது என்பதற்கான ஏற்பாடு அந்த லட்சணத்தில் இருந்தது. அதிகாரிகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை என்றும் ஆணையம் குறை சொன்னது. அதனால்தான் அதன் பரிந்துரை, சுட்டவர்களோடு நிற்காமல் ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. உட்பட 17 போலீஸார், மாவட்ட ஆட்சியர், மூன்று துணை வட்டாட்சியர்கள் என்று மேலும் கீழுமாகப் போனது.

இது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. கடைசி விநாடியின் குழப்பத்தில் ஒரு கான்ஸ்டபிள் செய்ததற்கு மன்னிப்பு இருக்கலாம். அந்தக் குழப்பம் அங்கே வந்து சேரும்படி நாள் முழுவதும் காரியம் பார்த்தவர்களுக்கு அதே மன்னிப்பைத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஐ.நா. 1990-இல் ஹவானாவில் ஏற்றுக்கொண்ட துப்பாக்கிப் பயன்பாட்டுக் கொள்கைகளும் மேலதிகாரிகளின் பொறுப்பைத் தனியாகச் சொல்கின்றன. உயிரைக் காக்க முற்றிலும் தவிர்க்க முடியாதபோது மட்டுமே உயிர் போகும்படி சுடலாம், காயம்பட்டவருக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், அரசியல் பதற்றத்தைச் சாக்குச் சொல்லக் கூடாது என்பவையும் அதில் உண்டு.

வீடியோவும் காயமும்

இப்போதெல்லாம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. அதனால் தீர்ப்பும் எளிதாகிவிட்டது என்று நினைக்கிறோம். கேமரா நிற்கும் இடம் வேறு, சுட்டவர் நின்ற இடம் வேறு. மாடியிலிருந்து எடுத்த வீடியோவில் கூட்டம் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். கீழே நிற்பவருக்கு அப்படி இருந்திருக்காது. ஜூம் செய்து எடுத்ததில் நேர்மாறாக, தூரத்தில் இருப்பவர்கள் நெருங்கிவிட்டது போலத் தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே காட்சியை மெதுவாகக் காட்டினால் பார்ப்பவர்கள் அதை வேண்டுமென்றே செய்ததாக நினைப்பது அதிகரிக்கிறது என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனை செய்து காட்டினார்கள். நடந்த வேகத்திலேயே முதலில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பின்பக்கக் காயத்தையும் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் மோதலில், சுட முடிவெடுத்து விசையை இழுப்பதற்குள் எதிரே நிற்பவர் உடலைத் திருப்பிவிட முடியும். ஆகவே ஒரே ஒரு பின்பக்கக் காயம் மட்டும் குற்றத்தை நிரூபித்துவிடாது. பல பேருக்கு, பல இடங்களில், தூரத்திலிருந்து பின்பக்கக் காயங்கள் வரும்போது அந்த விளக்கம் தாங்காது.

ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாகப் பார்த்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு சம்பவத்தை நான் எப்போதும் சொல்வேன். 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். சிவில் உரிமை ஊர்வலத்தின்போது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். இன்னொருவர் பின்னால் இறந்தார். சுட்டது ராணுவம்தான், ஆனாலும் சூழ்நிலை நாம் பேசும் அதே தெருச் சூழ்நிலை. தலைமை நீதிபதி விட்ஜரி மூன்று மாதத்துக்குள் விசாரித்து, வீரர்கள் தங்கள்மீது முதலில் சுடப்பட்டதால்தான் சுட்டார்கள் என்று பெரும்பாலும் அவர்கள் பக்கமே எழுதினார். 1998-இல் நீதிபதி சாவில் (Saville) தலைமையில் தொடங்கிய விசாரணை வேறு மாதிரி வேலை செய்தது. சுடப்பட்ட ஒவ்வொருவராக எடுத்தது. அவர் எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார், எந்த வீரர் எங்கிருந்து சுட்டிருக்கலாம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தது. 2010-இல் அறிக்கை வந்தபோது, சுடப்பட்டவர்களில் யாருமே உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை என்றது. பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். 38 வருஷம் ஆகியிருந்தது.

நம் ஊரிலும் ஆணையங்கள் ஒரே மாதிரி முடிவு தருவதில்லை. 2011 பரமக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் போலீஸ் சுட்டது தவிர்க்க முடியாதது என்றது. இறந்தவர்களின் குடும்பங்களும் தலித் அமைப்புகளும் அதை ஏற்கவில்லை. ஓர் ஆணைய அறிக்கை கையில் கிடைத்தால், முடிவுரைக்குப் போவதற்கு முன்னால் அது எப்படி விசாரித்தது என்று பாருங்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் தனி அலசல் இருக்கிறதா? எந்தத் துப்பாக்கி யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை ரவுண்டு போனது, எத்தனை திரும்பி வந்தது என்ற கணக்கு இருக்கிறதா? எடுத்த குண்டை எந்தத் துப்பாக்கியோடு ஒப்பிட்டார்கள்? 'நிலைமை பதற்றமாக இருந்தது' என்று பொதுவாக எழுதிவிட்டு நேராகத் தீர்ப்புக்குத் தாவும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன், அது எந்தத் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும்.

அறிக்கைக்குப் பிறகு

ஆணையம் குற்றம் சொன்னால் தண்டனை வந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி ஆணையம் உண்மையைக் கண்டறிந்து பரிந்துரை மட்டுமே செய்யும். அரசு அதை ஏற்கலாம், விடலாம். ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது. தண்டனைக்குத் தனி எஃப்.ஐ.ஆர்., தனிப் புலனாய்வு, தனி வழக்கு வேண்டும். தூத்துக்குடிச் சம்பவத்தின் புலனாய்வை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 ஆகஸ்டில் சி.பி.ஐ.க்கு மாற்றியது அதற்காகத்தான்.

அதிலும் ஒரு தடை இருக்கிறது. அரசு ஊழியர்மீது பணி தொடர்பான செயலுக்காக வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவு இதில் ஒரு நல்ல மாற்றம் செய்தது: அனுமதி கேட்டு 120 நாட்களுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். ஆனால் கூட்டத்தைக் கலைக்கும்போது நடந்த செயல்களுக்கு இன்னொரு கவசம் தனியாக இருக்கிறது. பழைய 132-வது பிரிவு, இப்போது 151. அதற்கும் மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்தப் பிரிவில் இந்த 120 நாள் கெடு எழுதப்படவில்லை.